அறைதோறும் இசை: சுவருக்குள் போவதை முதலில் முடிவு செய்யுங்கள்

திருச்சியில் அக்கா வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, பூச்சு வேலை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், கூடத்திலிருந்து சமையலறைக்கும் மாடியறைக்கும் ஸ்பீக்கர் வயருக்கென்று தனி பைப் பதிக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் தம்பி சிரித்துக்கொண்டே, "இப்ப யாருண்ணே ஸ்பீக்கருக்கு வயர் இழுக்குறா, எல்லாம் புளூடூத்துதானே" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி அன்று எனக்கும் முழுதாகத் தெரியாது. அதன் பிறகு மூன்று வீடுகளில், அறைதோறும் பாட்டுக் கேட்க வசதி செய்யும் இந்த வேலையைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை, முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாட்டை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் பெட்டி ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும். சுவருக்குள் பதித்த பைப்போ வீடு நிற்கும்வரை இருக்கும். பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகப் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற ஸ்பீக்கரைத் தேடி அலைந்து, கடைசியில் வயர் போக வழியில்லாமல் புதிதாக வண்ணம் பூசிய சுவரில் பிளாஸ்டிக் பட்டியை ஆணியடித்துப் பொருத்துகிறார்கள்.

முதல் படி: அறைகளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் அறைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கேட்பார்கள், எந்த நேரத்தில் கேட்பார்கள், எதைக் கேட்பார்கள், எதைத் தொட்டு இயக்குவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுத் தாளில் சமையலறைக்கு எதிரே "காலை ஐந்தரை, பக்திப் பாட்டு" என்றும், அப்பா அறைக்கு எதிரே "வானொலிச் செய்தி, பழைய பாட்டு" என்றும், மாடியறைக்கு எதிரே அக்கா மகனுடைய பெயர் மட்டுமாகவும் இருந்தது. அவன் கேட்பது என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அப்பாவுக்குச் செல்பேசித் திரையைத் தடவிப் பாட்டுப் போடப் பொறுமை கிடையாது. குமிழைத் திருகினால் பாட வேண்டும், எதிர்ப்பக்கம் திருகினால் நிற்க வேண்டும். அந்த ஒரு குறிப்பே அவருடைய அறைக்கு வாங்கக்கூடிய கருவிகளில் முக்கால்வாசியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

அடுத்ததாக, ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டு ஓட வேண்டிய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கூடமும் சமையலறையும் எப்போதும் ஒரே பாட்டைத்தான் கேட்கப் போகின்றன என்றால், அவை இரண்டு அறைகளாயினும் ஒரே மண்டலம். அக்கா வீட்டில் ஐந்து இடங்கள் மூன்று மண்டலங்களாகச் சுருங்கின. பெட்டிகளின் எண்ணிக்கையும், ஓசையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்களின் எண்ணிக்கையும் மண்டலத்தைப் பொறுத்தவை என்பதால், செலவில் பெரும்பகுதி இந்தத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொரு முடிவையும் இங்கேயே எடுத்துவிடலாம். உட்கார்ந்து கேட்கும் இடம் வீட்டில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே மட்டும் இடம், வலம் என்று இரண்டு ஸ்பீக்கர்கள் வைத்த முறையான ஸ்டீரியோ தேவை. நடந்துகொண்டும் வேலை செய்துகொண்டும் கேட்கும் சமையலறைக்கு ஒரே ஸ்பீக்கரில் மோனோ போதும். ஆனால் அந்த ஒற்றை ஸ்பீக்கருக்கு இடப்பக்க வயரை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. எண்பதுகளின் ஸ்டீரியோ பாடல்களில் வயலின்கள் ஒரு பக்கமும் கிடார் மறுபக்கமுமாக இருப்பது வழக்கம் என்பதால், இடையிசையில் பாதி வாத்தியம் காணாமல் போகும். இரண்டையும் கலந்து மோனோவாகத் தரும் வசதி பெட்டியின் அமைப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரு பக்கத்தையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும் இரட்டைச் சுருள் ஸ்பீக்கர் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் இடப்பக்க, வலப்பக்க வெளியீடுகளைக் கையால் முறுக்கி ஒன்றாக்குவது ஆம்ப்ளிஃபயரை எரித்துவிடும்.

இரண்டாம் படி: மூன்று வழிகளில் ஒன்று

அறைக்கு ஒன்றாகத் தானே பாடும் வயர்லெஸ் ஸ்பீக்கர்களை வைத்து, அவற்றைச் செல்பேசிச் செயலியில் ஒரு குழுவாகச் சேர்ப்பது முதல் வழி. சோனோஸ், அமேசான் எக்கோ, கூகுள் நெஸ்ட், ஆப்பிள் ஹோம்பாட் எல்லாம் இந்த வகை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வீடு மாறும்போது அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு மின்பிளக் வேண்டும் என்பதும், உள்ளே இருக்கும் மின்னணு பழையதானால் நன்றாக இருக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தே வீணாகும் என்பதும் இதன் குறைகள்.

எல்லா ஆம்ப்ளிஃபயர்களையும் ஓர் அலமாரியில் வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஸ்பீக்கர் வயர் இழுப்பது இரண்டாம் வழி. அறைகளில் ஸ்பீக்கர் மட்டுமே இருக்கும். மின்சாரம், வைஃபை எதுவும் அங்கே தேவையில்லை. புது வீட்டுக்கு இதுவே சரியானது.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவானது. அறைக்கு அறை ஒரு சிறிய பெட்டி இருக்கும். பாட்டை எடுப்பதும் ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். பக்கத்தில் சாதாரண ஸ்பீக்கர்களை வயரில் இணைத்துக்கொள்ளலாம். வீம் ஆம்ப், சோனோஸ் ஆம்ப் போன்றவை இப்படிப்பட்டவை. கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டில் சுவரை உடைக்க மனமில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பெட்டி பழையதானாலும் ஸ்பீக்கர் கையில் நிற்கும்.

நாலாவதாகப் பலர் நினைப்பது வெறும் புளூடூத். அது ஒரு செல்பேசிக்கும் ஒரு ஸ்பீக்கருக்கும் இடையில், ஏறத்தாழ 10 மீட்டருக்குள், சுவர் குறுக்கிடாமல் இருந்தால் நன்றாக நடக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அப்பால் திணறும். செல்பேசிக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். செல்பேசிக்காரர் கடைக்குப் புறப்பட்டால் இசையும் அவரோடு புறப்பட்டுவிடும். பல அறைகளுக்கு இது வழியே அல்ல.

மூன்றாம் படி: பைப்பும் வயரும்

வீடு கட்டுகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகச் செலவிட வேண்டிய இடம் இது. கான்கிரீட் தளத்துக்குக் கம்பி கட்டும்போதும், சுவரில் காடி வெட்டும்போதும், மின்வயர் போகும் பைப்புக்கு ஓர் அடியாவது விலகி, ஸ்பீக்கருக்கென்று 25 மி.மீ. பைப் ஒன்றும், நெட்வொர்க் கேபிளுக்கென்று இன்னொன்றும் பதிக்கச் சொல்லுங்கள். மின்வயரைக் குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்குத்தாகக் கடக்க வேண்டும். நீளவாக்கில் ஒட்டிப் போனால் இரைச்சல் வர வாய்ப்புண்டு. வளைவுகளில் கூர்மையான எல்போவைத் தவிர்த்து நீள்வளைவு போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிறகு வயர் இழுக்க முடியாது. இப்போது தேவைப்படாத அறைக்கும் காலிப் பைப் போட்டு, உள்ளே ஓர் இழுகம்பியை விட்டு, இரு முனையையும் மூடி வையுங்கள்.

வயரின் கனத்தைக் கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வயரின் மின்தடை, போகவரச் சேர்த்து, ஸ்பீக்கரின் ஓம் அளவில் (அதன் மேல் அச்சிட்டிருக்கும் மின்தடை எண்) இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.013 ஓம் என்பதால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து 15 மீட்டர் தூரம்வரை அது போதும், 2.5 சதுர மி.மீ. வயர் 25 மீட்டர்வரை போகும். 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் இந்தத் தூரங்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் தங்க முலாம் பூசிய, பாம்பு போல் தடித்த, மீட்டர் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள்கள் எதற்கும் வீட்டில் வேலை இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாதாரண பல இழைச் செம்பு வயரையே நான் ஸ்பீக்கருக்கு இழுக்கிறேன். மின்வயருக்குப் பயன்படாத நிறமாகப் பார்த்து எடுத்து, மின் சுவிட்ச் பாக்ஸுக்குள் அது எங்கும் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். சிவப்பும் கறுப்புமாகச் சுருளில் விற்கும் மலிவான ஸ்பீக்கர் வயரில் ஓர் இழையை எடுத்து, பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை செம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நாலைந்து முறை வளைத்தால் முறிந்தும் போகும். சுவருக்குள் அதை விடவே கூடாது.

பூச்சுக்கு முன்னால், பைப் போகும் ஒவ்வொரு சுவரையும், அளவுநாடாவை விரித்துப் பிடித்தபடி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டில் குடிபுகுந்த மூன்றாம் மாதம் பிள்ளையார் படம் மாட்டத் துளைபோட வந்தவர், பூச்சுக்கு முன் எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் துளையை ஓர் அடி தள்ளிப் போட்டார்.

தோட்டம், தொலைவில் உள்ள மாட்டுக்கொட்டகை, பண்ணை வீடு என்று ஐம்பது அறுபது மீட்டர் போக வேண்டியிருந்தால், கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வைக்கும் 100 வோல்ட் லைன் முறை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மெல்லிய வயரிலேயே நெடுந்தூரம் போகும். ஓசையின் அடர்த்தி குறையும் என்பதோடு, அந்த வயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதால், வீட்டுக்குள் அதற்கு அவசியமில்லை.

நான்காம் படி: ஸ்பீக்கர்

பணத்தில் பெரும்பங்கு இங்கே போக வேண்டும். என் கணக்கில், வயரும் பைப்பும் நீங்கலான தொகையில் பாதி ஸ்பீக்கருக்கு.

ஃபால்ஸ் சீலிங் உள்ள வீட்டில் கூரையில் பதிக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் பார்வைக்குத் தெரியாமல் அடங்கிவிடும். கான்கிரீட் கூரை மட்டுமே உள்ள நம் வீடுகளில் பலவற்றில் அதற்கு இடமில்லை. தளத்தைக் குடைந்து பதிக்க நினைக்கவே கூடாது. சுவரில் தாங்கி வைத்து மாட்டும் சிறு ஸ்பீக்கரே அங்கே பொருந்தும், ஓசையிலும் அதுவே மேல். கூரை ஸ்பீக்கர் வைப்பவர்கள் மின்விசிறியை மறந்துவிடுகிறார்கள். 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி வீசும். அந்த வட்டத்துக்கு மேலே ஸ்பீக்கர் இருந்தால், சுழலும் இறக்கைகள் ஓசையை வெட்டி வெட்டி அனுப்பும்; பாடகரின் நீண்ட கார்வை விசிறியின் வேகத்தில் நடுங்குவதைக் கேட்கலாம். நடுவிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள்.

ஸ்பீக்கரின் தாளில் உணர்திறன் என்று டெசிபெல்லில் ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்த ஓசை அது. 86 என்று போட்ட ஸ்பீக்கரும் 89 என்று போட்டதும் அருகருகே இருந்தால், அதே ஓசைக்கு முதலாவதற்கு இரண்டு மடங்கு வாட் தேவைப்படும். விலை ஒத்திருந்தால் எண் கூடியதை எடுங்கள்.

கூம்பைச் சுற்றியுள்ள வளையம் எதனால் ஆனது என்று கேளுங்கள். பஞ்சு போன்ற ஃபோம் வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் வளையம் தாங்கும். கடலோர ஊர்களில் வயர் மாட்டும் முனைகள் பச்சை பூத்துப்போகும், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலும், எக்ஸாஸ்ட் விசிறியின் பாதையிலும் வைக்காதீர்கள். தாளிப்பின் எண்ணெய்ப் புகை கூம்பில் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, இரண்டு ஆண்டில் ஸ்பீக்கருக்கு ஒரு மேல்தோலே வளர்ந்துவிடும். நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பரணுக்குக் கீழே, எதிர்மூலையில் மாட்டினால் போதும். மிக்ஸி ஓடும்போது எந்த ஸ்பீக்கரும் கேட்காது. அதற்காகப் பெரிதாக வாங்க வேண்டாம்.

மொட்டை மாடிக்கு ஐபி65 தரமுள்ளதாக வாங்குங்கள். தூசியும் எல்லாப் பக்கத்திலிருந்தும் பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே போகாது என்பது அதன் பொருள். கூடவே, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுத்திருப்பதையும், இரவு என்பது பத்து மணிமுதல் காலை ஆறுவரை என்பதையும் நினைவில் வையுங்கள். அண்டை வீட்டுக்காரரை நோக்கி ஸ்பீக்கரைத் திருப்பாமல், மாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் திருப்பினால், குறைந்த ஓசையிலேயே உங்களுக்குக் கேட்கும்.

வாங்குவதற்கு முன் காலி அறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பளபளக்கும் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில் தட்டல் உலோகம் போல் அதிர்ந்து அடங்கும். அந்த அறையில் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் கூச்சலிடும். கனமான திரைச்சீலை, துணி சோபா, ஒரு ஜமுக்காளம் ஆகியவற்றை முதலில் போட்டுவிட்டு மறுபடி தட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஆம்ப்ளிஃபயர்

வாட் எண்களில் ஏமாறாதீர்கள். முன்பெல்லாம் கையடக்கமான செட்டின் முகப்பிலும் "பி.எம்.பி.ஓ. 5000 வாட்" என்று, கணநேர உச்சத்தை மட்டும் காட்டும் எண்ணை ஒட்டியிருப்பார்கள். இப்போது அந்த எழுத்துகள் அருகிவிட்டன, பழக்கம் போகவில்லை. பெட்டியோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து தரக்கூடியது 72 வாட்தான். அதிலிருந்து பக்கத்துக்கு 100 வாட் வீதம் இரண்டு பக்கமும் தொடர்ந்து வருவது எப்படி?

உண்மையில் அவ்வளவு தேவையும் இல்லை. 86 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, சாதாரணப் பேச்சைவிட உரக்கக் கேட்கும். தவில் அடி, மிருதங்கத்தின் தொப்பி அடி போன்ற திடீர் உச்சங்களுக்குத்தான் கூடுதல் வாட் கையிருப்பாக வேண்டும். ஒரு பக்கத்துக்கு 30 முதல் 50 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எந்த வீட்டுக் கூடத்துக்கும் போதும். 50-ஐ 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல். காது அதை "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவில்தான் உணரும்.

புதியவர்கள் ஆம்ப்ளிஃபயரை எரிப்பது வாட்டால் அல்ல, ஓமால். ஒரே வெளியீட்டில் 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்கஇணைப்பில் (பாரலல்) மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் காண்பது 4 ஓம்; மூன்றை மாட்டினால் 2.67. பின்பலகையில் "4 முதல் 8 ஓம்" என்று அச்சிட்டிருக்கும்போது மூன்றாவதை மாட்டினால், சூடேறி, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், அல்லது நிறுத்திக்கொள்ளாமல் புகையும். ஒரு மண்டலத்தில் இரண்டு அறைகளுக்கு மேல் இருந்தால், இன்னோர் ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள், அல்லது ஓம் அளவைச் சரிசெய்யும் ஸ்பீக்கர் பிரிப்பான் பெட்டி வாங்குங்கள். அறைச் சுவரில் ஓசைக் குமிழ் வேண்டும் என்றால், ஸ்பீக்கர் வயருக்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் வகைக் குமிழைப் பொருத்துங்கள். விசிறி ரெகுலேட்டரைப் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அது 230 வோல்ட் மின்சாரத்துக்கானது, இங்கே அதற்கு இடமில்லை.

ஆம்ப்ளிஃபயரைக் கதவு மூடிய அலமாரியில் வைத்தால், தலைக்கு மேல் நாலு அங்குலமாவது காலியிடம் விட்டு, பின்பலகையில் காற்றுத் துளை போடுங்கள். துளைகளுக்குக் கொசுவலைக் கம்பி அடியுங்கள். என்னுடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் கதகதப்புக்காகப் புகுந்த ஒரு பல்லி மின்பலகையின் குறுக்கே படுத்துத் தானும் போய், ஃப்யூஸையும் கொண்டுபோயிற்று.

ஆறாம் படி: பாட்டை எடுத்துத் தரும் பெட்டி

இதைக் கடைசியில் வாங்கச் சொல்வதற்குக் காரணம், இந்தத் துறையின் கடந்த காலமே. கூகுள் 2015இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ, எந்தப் பழைய செட்டையும் பல அறை அமைப்பில் சேர்க்கும் மலிவான வில்லையாக இருந்தது. 2019 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பல அறை இசையை வீடுகளுக்குப் பழக்கிய சோனோஸ், 2020இல் தன் பழைய கருவிகளைத் தனிச் செயலிக்கு ஒதுக்கியது. 2024 மே மாதம் வெளியிட்ட புதிய செயலியில், அதுவரை இருந்த வசதிகள் சில இல்லாமல் போய், வாடிக்கையாளர்களின் கோபத்துக்கு ஆளானது. இதற்கு மாறான கதையும் உண்டு. ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளை லாஜிடெக் 2012இல் நிறுத்திவிட்டாலும், அவற்றை இயக்கும் சர்வர் மென்பொருள் யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் இன்றும் பேணிவருகிறார்கள். கைப்பிடியளவு ராஸ்பெரி பை கணினியே அதற்குப் போதும்.

ஆகவே பெட்டியிடம் நான் கேட்பவை இவை. வீட்டார் ஏற்கெனவே பாட்டுக் கேட்கும் செயலியில், இந்தப் பெட்டியின் பெயர் நேரடியாகத் தெரிகிறதா என்று கடையிலேயே உங்கள் செல்பேசியில் பார்க்க வேண்டும். புதிய செயலியைப் பழகச் சொன்னால் அம்மாக்கள் பழகமாட்டார்கள். வானொலிப் பெட்டியையோ பழைய கேசட் டெக்கையோ சொருக ஒரு லைன்-இன் துளை வேண்டும். நெட்வொர்க் கேபிள் சொருகும் துளை வேண்டும். நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனாலும் வீட்டு வன்தட்டில் உள்ள பாட்டைப் பாட வேண்டும். சிடிகளைத் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஒரு தட்டுக்கு 300 முதல் 400 எம்பி ஆகும், ஒரு டெராபைட் வன்தட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு தட்டுகளாவது அடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா மண்டலத்துக்கும் ஒரே குடும்பப் பெட்டிகளையே வாங்குங்கள். ஓசை ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும். கூடத்துப் பெட்டியும் சமையலறைப் பெட்டியும் 40 மில்லிவினாடி முன்பின்னாகப் பாடினால், சமையலறை வாசலில் நிற்பவருக்குப் பதின்மூன்று மீட்டர் தொலைவிலிருந்து இன்னொருவர் எதிர்ப்பாட்டுப் பாடுவது போலிருக்கும். ஒரே முறைமையைச் சேர்ந்த பெட்டிகள் தங்கள் கடிகாரங்களை ஒத்திசைத்துக்கொண்டு இதைத் தவிர்க்கின்றன. வெவ்வேறு முறைமையைச் சேர்ந்தவற்றால் அது முடியாது. ஆப்பிளின் ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட் போன்ற பொது முறைகள் வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளைச் சேர்த்துவைக்கும் என்றாலும், ஒரு பெட்டி ஏர்பிளேயிலும் இன்னொன்று காஸ்டிலும் இருந்தால் அவை ஒன்றுசேரா.

ஏழாம் படி: நெட்வொர்க்கும் மின்சாரமும்

கூடத்தில் ஒரே ரூட்டர் இருந்தால், கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குச் செல்வதற்குள் வைஃபை சோர்ந்துவிடும். இடம் மாறாத பெட்டிகளுக்கெல்லாம் கேட்-6 கேபிள் இழுப்பதே நிம்மதி. 100 மீட்டர்வரை அது தாங்கும். மாடியில் இரண்டாவது ரூட்டர் வைப்பவர்கள் அதை அக்சஸ் பாயின்ட் முறைக்கு (இருக்கும் நெட்வொர்க்கையே நீட்டிக்கும் முறை) மாற்ற மறந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மாடியும் கீழ்த்தளமும் இரண்டு தனி நெட்வொர்க்குகளாகிவிடும். செல்பேசி ஒன்றிலும் பெட்டி மற்றொன்றிலும் இருக்க, செயலியில் பெட்டியின் பெயரே தெரியாது. விருந்தினருக்கான வைஃபையில் சேர்ந்த செல்பேசிக்கும் இதே கதிதான்.

கரண்ட் போனால் ரூட்டரும் பெட்டியும் சேர்ந்தே போகும் என்பதால், இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டர்களில் ஆம்ப்ளிஃபயர் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டர் தேவை. கேபிள் டிவியோடு இணைத்தவுடன் தாழ்ந்த ஹம் ஓசை கேட்டால், இரண்டு வேறு எர்த் வழியாக மின்சாரம் சுற்றுகிறது என்று பொருள். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாக ஓசையை எடுத்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துச் சரிசெய்கிறேன் என்பவரை அனுமதிக்காதீர்கள். உயிர் போகும் வேலை அது. ஐப்பசி இடிமழையில் எல்லாப் பிளக்கையும் கழற்றி வைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

எட்டாம் படி: மாட்டி, நடந்து பாருங்கள்

வயர் முனைகள் எல்லாவற்றிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, ஸ்பீக்கர்களின் திசையைச் சோதியுங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து வயர் முனைகளை அதிலிருந்து கழற்றி, சுவர்க்கடிகார பேட்டரி ஒன்றை எடுத்து, நேர்முனையை நேர்வயரிலும் எதிர்முனையை மற்றதிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு முன்னோக்கித் துள்ள வேண்டும். ஒரு ஸ்பீக்கர் முன்னோக்கியும் ஜோடி ஸ்பீக்கர் பின்னோக்கியும் துள்ளினால் வயர் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் ஒன்றின் ஓசையை மற்றது அழித்து, மிருதங்கம் டப்பா தட்டுவதைப் போலக் கேட்கும்.

அடுத்து, எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் வானொலிச் செய்தியை ஓடவிட்டு, கூடத்திலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து மாடிக்கும் மெதுவாக நடந்து பாருங்கள். பேச்சில் தாமதம் உடனே பிடிபடும், பாட்டில் மறைந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் உச்ச ஓசைக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். காலை ஐந்தரை மணிக்கு யாரோ தவறிக் குமிழைத் திருகினால் தெருவே எழுந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பைப்பும் வயரும் இருந்தால், கூடத்தை மட்டும் முதலில் முடித்து, ஒரு மாதம் கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். அக்கா வீட்டில் கூடமும் சமையலறையும் முதல் ஆண்டு முடிந்தன, அப்பாவின் குமிழ் அதே தீபாவளிக்கு வந்தது, மாடியறை அடுத்த ஆண்டு. மொட்டை மாடிக்குப் போகும் பைப் இன்னும் காலிதான். மூடியைத் திறந்தால் இழுகம்பியின் முனை மட்டும் எட்டிப் பார்க்கிறது.